மூளையின் வீக்கத்தை அளத்தல்



அயலூராகிய மானிப்பாயிலே கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே படிப்பித்தார். நாமும் தமிழிலேயே பேசுவோம்.

பாரிசவாதம் என்றதும் நாம் கையையும் காலையுமே பார்க்கிறோம். நோயோ மண்டையோட்டுக்குள் வளர்கிறது. இரத்தக்குழாய் அடைபட்டதும் நடுப்பகுதி சில நிமிடங்களில் மடிகிறது. சூழவுள்ள பகுதி மணிக்கணக்கில் ஊசலாடுகிறது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துள் ஏற்றவேண்டும் என்பது இதனாலேயே. விடியட்டும் என்று வீட்டிலே காத்திருந்து நாம் இழந்தவர் எத்தனை பேர்!

முதல்நாட் படத்தோடு மூன்றாம்நாட் படத்தை ஒப்பிட்டால் புண் பெருத்திருக்கும். ஆனால் அத்தனையும் புதிதாய் மடிந்த இழையமன்று. ஒரு பங்கு நீர், நனைந்த பஞ்சு பருப்பது போல. வெறும் கனவளவு நம்மை ஏமாற்றும். வீக்கமோ அயலை நெருக்கும், மூளையறைகள் ஒடுங்கும், நடுக்கோடு மறுபக்கம் சாயும். அந்நெருக்கத்தை அளந்து வீக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவதே உண்மையான வளர்ச்சி. நீரேறிய இழையம் சி.ரி. படத்தில் கறுத்துத் தோன்றும். அக்கருமையிலிருந்தும் நீரைக் கணக்கிடலாம்.

சாய்வு சில மில்லிமீற்றர்தானே என்று எண்ணற்க. மண்டையோடு விரியாது. பெருவீக்கங் கண்ட, 60 வயதுக்கு மேற்படாதோரைக் கொண்டு ஐரோப்பாவில் நடந்த மூன்று சோதனைகளின் முடிவு 2007இல் வெளிவந்தது. 48 மணித்தியாலத்துள் ஓட்டின் ஒரு பாகத்தை அகற்றியபோது, ஓராண்டின் பின் உயிருடனிருந்தோர் 100க்கு 78 பேர். அகற்றாதோரில் 29 பேரே. பிழைத்தோரிற் பலர் பிறர் துணையோடே வாழ்ந்தனர் என்பதையும் மறைத்தலாகாது. வீட்டாரைக் கேட்டே கத்தி வைக்கவேண்டிய இடம் இது.