பறித்தது யார்? வந்தவனா, வரவழைத்தவனா?

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

மில் வாசலிலும் டீக்கடையிலும் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. "பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவன் நம் வேலையைப் பறித்துவிட்டான், அவனால்தான் கூலி ஏறவில்லை" என்கிறார்கள். நம் தோழர்கள் சிலரும் இதைச் சொல்கிறார்கள். அவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. வயிறு காயும்போது வருகிற பேச்சு அது. ஆனால் இதே பேச்சை ஒரு காலத்தில் இன்னொரு நாட்டில் நம்மவர்களைப் பற்றிப் பேசினார்கள். அது எதில் போய் முடிந்தது? இலங்கை மலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களின் கதையைக் கேளுங்கள்.

முதல் பேச்சு: "ஆசைப்பட்டுத் தாங்களாக வந்து குடியேறியவர்கள்."

உண்மை என்ன? வெள்ளைத் துரைமாருக்குக் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் ஆள் வேண்டியிருந்தது. திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களில் நிலமில்லாத பண்ணையாட்கள் பட்டினி கிடந்தார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் ஊராக ஜனங்கள் செத்தார்கள். அந்த நேரத்தில் கங்காணி வந்து முன்பணம் நீட்டினான். வழிச் செலவு, சோற்றுச் செலவு எல்லாம் கடனாகத் தலையில் ஏறியது. காட்டு வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் பலர் மாண்டார்கள். பிழைத்தவன் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அதற்குத் 'துண்டு' என்று ஒரு சீட்டு முறையே வைத்திருந்தார்கள். அது 1921-ல்தான் ஒழிந்தது. இதற்கா ஆசைப்பட்டு வந்தார்கள்?

இரண்டாவது பேச்சு: "சிங்கள விவசாயியின் நிலத்தைப் பறித்தவர்கள்."

பறித்தது 1840-ம் ஆண்டு வெள்ளைச் சர்க்கார் போட்ட சட்டம். காகிதம் காட்ட முடியாத காடும் தரிசும் சர்க்காருக்குச் சொந்தம் என்றது அது. அந்த நிலத்தை அற்ப விலைக்குத் துரைமார்களும் அதிகாரிகளும் வாங்கினார்கள். தமிழ்க் கூலிக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. ஒரு குழி நிலமும் அவனுக்குச் சொந்தமில்லை.

மூன்றாவது பேச்சு: "நாட்டுக்குப் பாரம்."

யார் பாரம்? பல பத்தாண்டுக் காலம் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலையிலிருந்து வந்தது. அந்தக் கொழுந்தைப் பறித்தவை நம் பெண்களின் விரல்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கோ நாட்டின் இலவசக் கல்வி நெடுநாள் எட்டவில்லை.

நான்காவது பேச்சுதான் எல்லாவற்றிலும் விஷமானது: "இவர்களை ஒதுக்கினால் உள்ளூர்த் தொழிலாளி வாழ்வான்."

தோட்டத் தொழிலாளர்கள் ஊமைகளாக இருக்கவில்லை. 1940-ல் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுப் போராடியபோது கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் குண்டுக்குப் பலியானார். 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்கள் தங்கள் ஸ்தாபனத்தின் சார்பில் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் அவர்கள் வோட்டு இடதுசாரிகளுக்குப் பலம் சேர்த்தது. ஆளும் வர்க்கம் மிரண்டது. 1948-ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. "உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குக் காகிதம் எங்கே?" என்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது காகிதம்? இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது. ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டு வோட்டும் போயிற்று.

சரி, சிங்களத் தொழிலாளி வாழ்ந்தானா? 1953-ல் அதே கட்சியின் சர்க்கார் ரேஷன் அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியது. ஆகஸ்ட் 12-ல் நாடே ஹர்த்தால் செய்தது. துப்பாக்கிதான் பதில் சொன்னது. தோட்டத்துக்காரன் வோட்டோடு சேர்ந்து தொழிலாளி வர்க்கத்தின் ஒரு கையும் வெட்டப்பட்டிருந்தது!

1964-ல் இரு சர்க்கார்களும் ஒப்பந்தம் செய்தன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று ஆடு மாட்டைப் பங்கு வைப்பதுபோல் பங்கு வைத்தார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? அங்கே 'இந்தியாக்காரன்' என்று தள்ளப்பட்டவன் இங்கே நீலகிரியில் 'சிலோன்காரன்' ஆனான். அங்கேயே தங்கியவர்களில் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தோழர்களே! பீகார்த் தொழிலாளி வேறு நாட்டான் அல்ல. இந்த நாட்டுப் பிரஜை. ஆனால் அவனைக் கொண்டுவரும் காண்டிராக்டர் யார்? பழைய கங்காணியின் பேரன்தான்! முன்பணமும் அதுதான், பத்துப் பேரை அடைக்கிற அறையும் அதுதான். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளிகளைக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். பயந்துபோய்ப் பலர் ரயிலேறினார்கள். தொழிலாளியைப் பார்த்துத் தொழிலாளி பயந்தால் யாருக்கு லாபம்?

கூலி ஏறாததற்குக் காரணம் அவன் வந்தது அல்ல. அவனுக்கு உரிமை இல்லாதது. உரிமையற்றவன் ஒருவன் பக்கத்துத் தறியில் நிற்கும்வரை நம் கூலியையும் முதலாளி அமுக்கத்தான் செய்வான். ஆகவே செய்ய வேண்டியது இதுதான்: அவன் பெயர் மஸ்டரில் ஏற வேண்டும், ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. அவனுக்கும் வேண்டும். நாளை ஷிப்டு முடிந்ததும் அவன் தங்கியிருக்கும் அறைக்குப் போங்கள். பாஷை தெரியாவிட்டால் பாதகமில்லை. சங்கச் சந்தா ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் போங்கள்.

உழைப்பாளி மக்கள் ஒற்றுமை ஓங்குக!