சிப்பாய் ராணியாகும்போது

(சிட்லபாக்கத்தில் பிள்ளைகளின் சதுரங்க வகுப்பில் பெற்றோர் முன் ஆற்றிய உரை)

 

ராணி பலகையில் இருக்கும்போதே, கடைசிக் கட்டத்தை எட்டிய சிப்பாயை இன்னொரு ராணியாக்கலாமா என்று பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக ஆக்கலாம். வெட்டுப்பட்ட காய்தான் திரும்ப வரும் என்பது வீட்டுப் பேச்சு, விதி அல்ல. பழைய அரபு ஷத்ரஞ்சில் சிப்பாய் ஃபிர்ஸானாக, அதாவது மந்திரியாக, மட்டுமே மாறும். அது மூலைவாட்டில் ஒரே கட்டம்தான் நகரும்; பாவம்!

நம் சென்னையில் 2013 நவம்பர் 21 அன்று உலகப் பட்டப் போட்டியின் 9-வது ஆட்டம். ஆனந்த், கார்ல்சனின் ராஜாவை நெருக்கிக்கொண்டிருந்தார். 27-வது நகர்த்தலில் கார்ல்சனின் சிப்பாய் இரண்டாவது ராணியாகிச் செக் வைத்தது. பிஷப்பால் மறைத்திருந்தால் ஆட்டம் நீடித்திருக்கும். ஆனந்த் குதிரையால் மறைத்தார். புது ராணி ஒரே நகர்வில் தன் ராஜாவுக்குக் காவலாகிவிட்டது. ஆனந்த் அத்தோடு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

போட்டியில் கூடுதல் ராணி கைக்குக் கிடைக்காவிட்டால் யானையைத் தலைகீழாக வைக்காதீர்கள். நடுவர் அதை யானையாகத்தான் கணக்கில் எடுப்பார். 2017 கனடா சாம்பியன் பட்டத்துக்கான டைபிரேக்கரில் நோரிட்சினுக்கு அதுதான் நடந்தது. அவருக்கு வேண்டிய ராணி எதிராளியின் கையில் இருந்தது! பட்டமும் எதிராளிக்கே போனது.

கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரிடம் ராணி கேட்க வேண்டும். கூச்சப்படும் பிள்ளைக்கு இதை வீட்டிலேயே பழக்குங்கள். செட் வாங்கும்போது நிறத்துக்கு இரண்டு ராணி இருக்கிறதா என்று பாருங்கள். நம் வகுப்புப் பலகைகளுக்கும் அப்படித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.