டிக்கெட் போட்டது பிள்ளை, பறக்கப்போறது நீங்க

மாட்டுங்கா, செம்பூர், தாராவின்னு மும்பையில எந்த மூலையில இருந்து கேட்டாலும் சரி, இந்தப் பேச்சு வெளிநாட்டுல இருக்கற பிள்ளை வீட்டுக்கோ பொண்ணு வீட்டுக்கோ கிளம்பறவங்களுக்கு. புருஷன் அங்க வேலையில இருக்க, கைக்குழந்தையோட தனியாப் போற பொண்ணுங்களுக்கும்தான்.

நீண்ட தூர விமானம்னாலே எல்லாரும் கேக்கற கேள்வி ரெண்டு. அவ்வளவு நேரம் எப்படி உக்காரறது? சாப்பாட்டுக்கு என்ன பண்றது? ரெண்டுக்கும் வரேன். ஆனா நம்ம ஆளுங்க மாட்டிக்கறது ஆகாயத்துல இல்லை. டிக்கெட் எடுத்த அன்னிக்கே மாட்டிக்கறாங்க. ஏன்னா நம்ம வீடுகள்ல டிக்கெட் எடுக்கறவர் ஒருத்தர், பறக்கறவர் வேற ஒருத்தர். நியூ ஜெர்சியில இருக்கற பிள்ளை, வேலை முடிஞ்சு வந்து அர்த்தராத்திரியில டிக்கெட் போட்டு வாட்ஸ்அப்ல அனுப்பறான். அப்பா அதை ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்து, சாமி படத்துக்குக் கீழ வெச்சுடறார். நடுவுல அதை ஒருத்தரும் படிக்கறதில்லை.

படிச்சா முதல்ல கண்ணுல படறது பேர்தான். மும்பைத் தமிழர் வீட்டுல இது ஒரு தனிச் சிக்கல். திருநெல்வேலியில இருந்து வந்த தாத்தாவுக்கு இனிஷியல். இங்க பள்ளிக்கூடத்துல படிச்ச பேத்திக்கு மகாராஷ்டிர வழக்கப்படி தன் பேர், அப்பா பேர், குடும்பப் பேர்னு மூணு. அம்மாவுக்கு ஆதார்ல ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி. அதனால போன்ல ஸ்பெல்லிங் சொல்லி டிக்கெட் எடுக்கவே வேண்டாம். பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க. அதுல எப்படி இருக்கோ அப்படியே டிக்கெட்ல வரணும். அழகுக்காக ஒரு எழுத்துகூடச் சேக்கக் கூடாது. பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் இடம் காலியா இருக்கறவங்களுக்கு அமெரிக்க விசாவுல முழுப் பேரையும் குடும்பப் பேர் இடத்துல போட்டு, சொந்தப் பேர் இடத்துல 'எஃப் என் யூ'ன்னு மூணு எழுத்து போட்டிருப்பாங்க. யாரோ தப்பா அடிச்சுட்டாங்கன்னு பதற வேண்டாம், அவங்க வழக்கம் அது. ஆனா டிக்கெட்ல எப்படிப் போடணும்ங்கறதுல ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம். பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுக்கணும். போற வழியில துபாய்ல ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு ஆசைப்படறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 நவம்பர்லேருந்து, பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர் மட்டும் இருந்தா அமீரகத்துல சுற்றுலா விசாவுல நுழைய முடியாது. ரெண்டாம் பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா ஏத்துக்கறதாப் பின்னாடி சொன்னாங்க. உங்க பாஸ்போர்ட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பாத்துக்குங்க.

அடுத்தது தேதி. சிரிக்காதீங்க, இதுல ஏமாந்தவங்க நிறைய. மும்பையில இருந்து மேற்கே போற தொலைதூர விமானம் பலதும் நடுராத்திரி தாண்டித்தான் கிளம்புது. டிக்கெட்ல 15-ந் தேதி 1.40 மணின்னு இருந்தா, நீங்க வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ந் தேதி ராத்திரி. 15-ந் தேதி ராத்திரி பெட்டியோட போய் நின்னா, விமானம் அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே போயிருக்கும். நாள்காட்டியில விமானம் பறக்கற தேதியை எழுதாதீங்க, வீட்டை விட்டுக் கிளம்பற தேதியையும் மணியையும் எழுதுங்க. நாள் நட்சத்திரம் பாக்கறவங்க, நல்ல நேரத்துலயே கிளம்பிட்டதுக்கு அடையாளமா பக்கத்து வீட்டுல ஒரு பையைப் பரஸ்தானம் வெச்சுடுங்க. பாஸ்போர்ட் இருக்கற பையை மட்டும் வெச்சுடாதீங்க!

பெரும்பாலான சர்வதேச விமானங்கள் சஹார்ல இருக்கற இரண்டாம் முனையத்துல இருந்து கிளம்பும். மெட்ரோ மூணாம் பாதை வந்தப்புறம் தாராவியில ஏறினா நேரா அந்த முனையத்துலயே இறங்கலாம். ஆனா நடுராத்திரியில மெட்ரோ கிடையாது, சாயங்காலமோ முன்னிரவுலயோ போறவங்களுக்குத்தான் அது உதவும். நாலு பெட்டியோட டாக்ஸியில போறவங்க, ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் கணக்கை மாத்திப் போடுங்க. கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட், சயான், குர்லா. தண்ணி நிக்கற இடம் எதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மழை நாள்ல விமானத்துக்கு அஞ்சு மணி நேரம் முன்னாடி கிளம்பினாலும் அது அதிகம் இல்லை.

இப்ப சக்கர நாற்காலி. இதைக் கொஞ்சம் நின்னு பேசணும். 2024 பிப்ரவரியில நியூயார்க்குலேருந்து ஏர் இந்தியாவுல மும்பை வந்து இறங்கினார் 80 வயசுப் பெரியவர் ஒருத்தர். அவரும் மனைவியும் முன்கூட்டியே சக்கர நாற்காலி கேட்டிருந்தாங்க. வந்தது ஒண்ணு. மனைவியை அதுல உக்கார வெச்சுட்டு அவர் பக்கத்துல நடந்தார். குடியேற்றப் பிரிவுக்கிட்ட வந்ததும் சரிஞ்சு விழுந்து, இறந்தே போயிட்டார். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டுது. அபராதம் போட்டு என்ன, போன உசிர் வருமா? அதனால ரெண்டு பேருக்கும் முடியலைன்னா, ரெண்டு பேர் பேருக்கும் தனித்தனியாக் கேட்டுப் பதிவு பண்ணுங்க. படி ஏற முடியுமா, சீட் வரைக்கும் நடக்க முடியுமாங்கறதையும் சொல்லணும். அதைப் பொறுத்துத்தான் ஏற்பாடு. கிளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது திரும்பப் போன் பண்ணி உறுதி பண்ணிக்குங்க. இறங்கற இடத்துல நாற்காலி வரலைன்னா உக்காந்தே இருங்க. ஒண்ணுதான் வந்திருக்குன்னா, இன்னொண்ணு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் நகராதீங்க. எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் சரி.

இதோட ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாகணும். நல்லா நடக்கற பலர், வரிசையில நிக்க வேண்டாம், இங்கிலீஷ் பேச வேண்டாம்னு சக்கர நாற்காலி கேக்கறாங்க. நாற்காலி எண்ணிக்கை அளவானது. நீங்க தேவையில்லாம உக்காந்தா, நிஜமாவே முடியாதவர் நடக்கறார். பாஷைதான் பிரச்சினைன்னா, கூட வந்து வழிகாட்ட ஆள் வேணும்னு விமான நிறுவனத்துக்கிட்ட கேக்கலாம், பல நிறுவனங்கள்ல அதுக்குத் தனி ஏற்பாடு இருக்கு. வரிசைதான் பிரச்சினைன்னா, குடியேற்றப் பிரிவுல முன்பதிவு பண்ணினவங்களுக்கு விரைவு வழி 2025 ஜனவரியில மும்பைக்கும் வந்தாச்சு. இந்தியக் குடிமக்களுக்குக் கட்டணம் கிடையாது. பிள்ளையை உக்கார வெச்சு அதுக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்க.

சாப்பாடு. டிக்கெட் போடும்போது 'ஹிந்து மீல்'னு ஒண்ணு கண்ணுல படும். மாட்டுங்கா மாமா மாமிகள் கவனமா இருக்கணும். நிறைய விமானங்கள்ல அது அசைவம். மாட்டிறைச்சி இருக்காதுங்கறதுதான் அதுக்கு அர்த்தம், கோழி வரும், ஆடு வரும். சைவம் வேணும்னா 'ஏசியன் வெஜிடேரியன்'னு கேளுங்க. வெங்காயம், பூண்டு கூடாதுன்னா ஜைனர் சாப்பாடு இருக்கு. எப்படியும் மிளகாய்ப்பொடி தடவின இட்லி ஒரு டப்பாவுல கையில இருக்கட்டும். இறங்கறதுக்குள்ள தின்னு முடிச்சுடுங்க.

பெட்டி கட்டறதைப் பத்திப் பேசினா விடியும், முக்கியமானதை மட்டும் சொல்றேன். கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில வைக்கக் கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம், தானாவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய பொருள்னு விமானப் போக்குவரத்துல வெச்சிருக்காங்க. செம்பூர் சேடா நகர் முருகன் கோயில்ல அர்ச்சனை பண்ணின தேங்காய் மூடியை வீட்டுல சட்னி அரைச்சுட்டு விபூதியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க. பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குப் போகாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கற நோயைப் பரப்பற பூச்சி அந்த இலையிலயும் வாழும். கசகசா நமக்குக் குருமாவுக்கு, அமீரகத்துலயும் சிங்கப்பூர்லயும் தடை செஞ்ச பொருள். பவர் பேங்க் எப்பவும் கைப்பையில. நகை நிறையப் போட்டுக்கிட்டுப் போறவங்க, கிளம்பும்போதே சுங்க அதிகாரிக்கிட்ட காட்டிச் சான்றிதழ் வாங்கிடுங்க, திரும்பி வரும்போது இது எங்க வாங்கினதுங்கற பேச்சே வராது.

சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாமே கைப்பையில, டாக்டர் சீட்டோட. இன்சுலின் பெட்டியில போகவே கூடாது, அடியில சரக்குப் பகுதியில உறைஞ்சு போகலாம். நியூயார்க் நேரம் நமக்கு ஒன்பதரை இல்லைன்னா பத்தரை மணி நேரம் பின்னாடி. அதனால எந்த வேளை ஊசியை எப்பப் போடணும்னு கிளம்பறதுக்கு முன்னாடி உங்க டாக்டரைக் கேட்டு ஒரு தாள்ல எழுதி வாங்கிக்குங்க.

இப்ப, அவ்வளவு நேரம் எப்படி உக்காரறதுங்கற கேள்விக்கு வரேன். 1948 ஜூன் 8-ந் தேதி பம்பாய்லேருந்து லண்டனுக்கு ஏர் இந்தியாவோட முதல் விமானம் 'மலபார் பிரின்சஸ்' கெய்ரோ, ஜெனீவான்னு நின்னு நின்னுதான் போச்சு. அன்னிக்கு இறங்கிக் கால் நீட்ட இடம் இருந்தது. இன்னிக்கு நியூயார்க்குக்கு 15, 16 மணி நேரம் ஒரே மூச்சு. நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்து பயணம் பண்ணினா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையற ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007-ல சொல்லிச்சு. அப்பவும் 6000 பேருக்கு ஒருத்தர் கணக்குதான், பயப்பட வேண்டாம். விழிச்சிருக்கும்போது மணிக்கொரு தடவை எழுந்து நடங்க. முடியலைன்னா உக்காந்தபடியே பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டுங்க. பாத்ரூமுக்கு எழுந்துக்கணுமேன்னு தண்ணி குடிக்காம இருக்கற அம்மாக்கள் நிறைய. அந்தக் கூச்சத்தை விட்டுடுங்க, ஓரத்து சீட்டைக் கேட்டு வாங்குங்க. இதுக்கு முன்னாடி ரத்த உறைவு வந்தவங்க, சமீபத்துல அறுவை சிகிச்சை ஆனவங்க டாக்டரைப் பாக்காமப் போகாதீங்க.

கைக்குழந்தையோட போற பொண்ணுங்க, தொட்டில் வைக்கற முன்வரிசையை டிக்கெட் எடுத்த கையோட கேளுங்க. எடைக் கட்டுப்பாடு உண்டு, எல்லா வரிசையிலயும் தொட்டில் மாட்டவும் முடியாது. விமானம் இறங்கும்போது குழந்தை வீறிட்டா காது அடைக்குதுன்னு அர்த்தம், அப்பப் பால் கொடுங்க, விழுங்க விழுங்கக் காது திறக்கும். அங்க இருக்கும்போது குழந்தைக்கு ரெண்டு வயசு முடிஞ்சா, திரும்பி வர்றதுக்கு அதுக்கும் தனி சீட் எடுக்கணும்.

இதைக் கேக்கற பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன். டிக்கெட் விலை குறையுதேன்னு ரெண்டு தனித்தனி டிக்கெட்டா ஒட்டுப்போட்டு அப்பா அம்மாவுக்கு எடுக்காதீங்க. நடுவழியில பெட்டியைத் திரும்ப எடுத்துத் திரும்பப் போடணும், சில நாடுகள்ல அதுக்கே விசா கேப்பாங்க. முதல் விமானம் தாமதமானா ரெண்டாவது நிறுவனம் கை விரிச்சிடும். பெத்தவங்களே, இன்னிக்கு ராத்திரி பிள்ளை கூப்பிடும்போது டிக்கெட்டோட ஆறெழுத்து பி.என்.ஆர். எண்ணைக் கேளுங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அதைத் திறந்து வெச்சுக்கிட்டு, பேர், தேதி, சக்கர நாற்காலி, சாப்பாடு நாலையும் அவனை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க. நீங்க பாஸ்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டுச் சரி பாருங்க.