சோலை மரமும் சிறுவர் தொண்டும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவு)



மரம் நடும் விழா நம் நாட்டிற்குப் புதியதன்று. 1950ஆம் ஆண்டில், அந்நாளில் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி அவர்கள் வனமகோற்சவத்தைத் தொடங்கி வைத்தார்கள். அது முதற்கொண்டு ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் பள்ளிகளிலும் ஊர்ப் பொதுவிடங்களிலும் கன்றுகள் நடப்பெற்று வருகின்றன. 2001இல் பள்ளிகளில் தேசியப் பசுமைப் படை தொடங்கப்பெற்றது. இன்று நீலகிரியிலும் பழனி மலையிலும் பள்ளிச் சிறுவர் சிறுமியர் தாமே முன்வந்து, மழையையும் குளிரையும் பாராது, சோலைக்குரிய மரக்கன்றுகளை நடுகின்றனர். இது கண்டு நாம் மகிழ்கிறோம்.

எனினும் மகிழ்ச்சியோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. நட்ட கன்று எந்த மலைக்கு உரியது? நட்ட இடம் தக்கதா? அடுத்த ஆண்டு எத்தனை கன்றுகள் உயிரோடிருந்தன? இவ்வினாக்களுக்கு விடை கூற வேண்டியவர்கள் சிறுவர்கள் அல்லர்; நாமே. அவர்கள் தருவது ஒரு நாள் உழைப்பு. அவ்வுழைப்பு காடாக மாறுவதும் வெறும் நிழற்படமாக நின்றுவிடுவதும் ஊராட்சியின் கையில் உள்ளன.

முதலில் சோலை என்பது யாது எனக் காண்போம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,700 மீட்டருக்கு உயர்ந்த மலைப்பகுதிகளில், பள்ளங்களிலும் மடிப்புகளிலும் என்றும் பசுமை மாறாத குட்டை மரக்காடுகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்த மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி விரிந்து கிடக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே மலையின் இயற்கை அமைப்பு. நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம், விக்கி, இலவங்க இனங்கள், செந்நிறப் பூப்பூக்கும் காட்டுப்பூவரசு முதலியன சோலை மரங்கள். இவை மெல்ல வளர்பவை. ஆனால் இவற்றின் அடியில் சேரும் சருகு மக்கி, பஞ்சு போல் மழைநீரை ஏற்றுக்கொள்கிறது. ஏற்ற நீரைச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகிறது. மழை நின்று பல திங்கள் கழிந்த பின்னும் சோலையை அடுத்த ஓடையில் நீர் ஓடுவதன் காரணம் இதுவே.

மலைக்கு வெளியே வாழும் உழவர்கள், இச்செய்தி நமக்கு எதற்கு என எண்ணலாகாது. பைக்காரா நீரைச் சுமந்து வரும் மாயாறும், குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளின் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு வரும் பவானியும் பவானிசாகரில் கூடுகின்றன. 1950களில் கட்டி முடிக்கப்பெற்ற அவ்வணையின் கீழ்பவானிப் பாசனப் பரப்பு 2,07,000 ஏக்கர். ஆதலின் மலைமுகட்டில் நிற்கும் ஒரு சோலை, சமவெளியில் உள்ள நெல் வயலுக்கும் மஞ்சள் தோட்டத்திற்கும் வாய்க்கால் தலைப்பு போன்றது.

இத்தகைய மலையில் என்ன நேர்ந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில், விறகுத் தேவைக்காக ஆஸ்திரேலிய நாட்டு மரங்களான கற்பூர மரமும் சீகை மரமும் நீலகிரியில் கொணர்ந்து நடப்பெற்றன. நாடு விடுதலை பெற்ற பின்னர், தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளின் மரக்கூழுக்காகவும் அவற்றின் பரப்பு மேலும் பெருகியது. அன்று அவை வளர்ச்சிப் பணியெனவே கருதப்பெற்றன. பின்னர் ஆராய்ச்சி வேறு செய்தி கூறியது. நீலகிரியின் கிளன்மார்கன் பகுதியில், புல்வெளியின் பெரும்பகுதியில் 1972இல் கற்பூர மரம் நட்டு, அருகிலிருந்த மற்றொரு புல்வெளியோடு ஒப்பிட்டு, மண், நீர்ப் பாதுகாப்பு அறிஞர்கள் ஓடைநீரை அளந்தனர். முதற் பத்தாண்டில் நீர்வரத்து 16 விழுக்காடும், மரத்தை வெட்டி அது மீண்டும் தழைத்த அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழ 25 விழுக்காடும் குறைந்தமை கண்டனர். 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, நீண்டகால ஆய்வினால் தீங்கற்றவை என நிறுவப்பெறாத அயல்நாட்டு மரவகைகளைப் புகுத்தலாகாது என்று கூறுகிறது.

ஆகவே, ‘மரம் எதுவாயினும் நன்று’ என்னும் எண்ணத்தை நாம் கைவிட வேண்டும். அதனினும் முக்கியமானது மற்றொன்று: வெற்றிடமெல்லாம் மரம் நடும் இடமன்று. மலைப் புல்வெளி தரிசு நிலமன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி வளர்வது அப்புல்வெளியில்தான். வரையாடு மேய்வதும் அங்கேதான். தோடர் மக்கள் எருமை மேய்ப்பதும் கோவிலுக்குக் கூரை வேயப் புல் எடுப்பதும் அங்கேதான். திறந்த மேட்டில் நட்ட சோலைக் கன்றினை மார்கழி, தை மாதத்து உறைபனி கருக்கிவிடும். நல்லெண்ணத்தோடு சிறுவர்கள் தோண்டும் குழி, புல்வெளிக்கும் கேடாகும், கன்றுக்கும் பயனில்லை.

எனில், எங்கே நடுவது? சோலையின் சிதைந்த ஓரங்களிலும், ஓடைக்கரைகளிலும், பழைய சீகை, கற்பூரத் தோப்புகளின் நிழலிலும் நடலாம். சீகை மரத்தை ஒரே வீச்சில் வெட்டிவிட்டுப் பின் நடலாம் என்பது சரியன்று. அதன் விதைகள் தடித்த தோலுடையவை. பல்லாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடப்பவை. வெயில் பட்டதும் அவை ஆயிரக்கணக்கில் முளைத்தெழும். ஆதலின் நிழலை ஒருவாறு நிறுத்திவைத்து, அதன் கீழ்ச் சோலைக் கன்றை வளர்த்து, கன்று வலுப்பெற்ற பின் மேல்மரத்தைப் படிப்படியாக நீக்குவதே தக்க முறை. அவ்வாறு நீக்குவது வனத்துறையின் பணி, சிறுவர்களின் பணியன்று.

சிறுவர்களுக்கு ஏற்ற பணிகள் வேறு உள்ளன. ஒன்று, மழைக்காலத்தில் நனைந்த மண்ணிலிருந்து சீகை நாற்றுகளைக் கையால் வேரோடு பறித்தல். இரண்டு, வனத்துறையின் இசைவோடு, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி விதை எடுத்தல். நாவல் இனத்து விதை உலர்ந்தால் முளைப்புத் திறனை இழந்துவிடும். ஆதலின் பொறுக்கிய சில நாட்களிலேயே விதைக்க வேண்டும். மூன்று, பள்ளி நாற்றங்காலில் நாற்றைப் பேணுதல். சோலை நாற்று நடுவதற்குரிய பருவம் அடையக் காலம் பிடிக்கும். விதையிட்ட சிறுவன் அடுத்த வகுப்பிற்குச் சென்ற பின்னரே அது மலையேறும். இக்காத்திருப்பே அவனுக்கு ஒரு கல்வியாகும். நான்கு, நட்ட பின் ஆண்டுதோறும் சென்று பார்த்துக் கணக்கெடுத்தல்.

இங்கு ஒரு கண்டிப்பான சொல்லையும் கூற வேண்டியுள்ளது. தொண்டு செய்ய வரும் சிறுவர்கள் கூலியில்லா வேலையாட்கள் அல்லர். குழி வெட்டுதல், சுமை தூக்குதல், அரிவாள் வேலை ஆகியவற்றைப் பெரியவர்களே செய்ய வேண்டும். பெற்றோர் ஒப்புதல், வனத்துறை அனுமதி, உடன்செல்லும் வனப் பணியாளர், முதலுதவிப் பெட்டி ஆகிய நான்கும் இன்றி எக்குழந்தையையும் காட்டிற்குள் அனுப்பலாகாது. காட்டுமாடு நடமாடும் காலையிலும் மாலையிலும் பணி கூடாது. வர விரும்பாத குழந்தையை வற்புறுத்தினால் அது தொண்டாகாது.

இனி ஊராட்சி செய்ய வேண்டுவன யாவை? தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டிற்கு ஆறு நாட்களில் கூடுகிறது. அந்நாட்களையே இப்பணிக்கு அட்டவணையாகக் கொள்ளலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று எந்த ஓடை வற்றியது, அதன் தலைப்பில் எந்தச் சோலை சிதைந்துள்ளது என ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழி கொண்டு குறித்துக்கொள்க. மே 1 அன்று, வனத்துறையோடும் பள்ளியோடும் கலந்து, நடும் இடத்தையும் மரவகையையும் எண்ணிக்கையையும் தீர்மானமாக நிறைவேற்றுக. மலையின் மேற்குப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும், கோத்தகிரி போன்ற கிழக்குச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழையும் பெரிதும் உதவுவன. இடத்திற்கேற்ப நடும் திங்களை முடிவு செய்க. ஜனவரி 26 உறைபனிக் காலம். அன்று சிறுவர்களே கிராம சபையின் முன் வந்து, நட்டவை இத்தனை, பிழைத்தவை இத்தனை எனப் படிக்கட்டும். அக்கணக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து படிக்கப்பெற வேண்டும்.

எண்ணிக்கை குறைவாக இருப்பின் நாணவேண்டியதில்லை. ஏன் குறைந்தது என ஆராய வேண்டும். கால்நடை மேய்ந்ததா, பனி கருக்கியதா, புதர் மூடியதா எனக் கண்டு, அடுத்த ஆண்டு அக்குறையை நீக்க வேண்டும். ஆயிரம் நட்டு நூறு பிழைப்பதினும், இருநூறு நட்டு நூற்றைம்பது பிழைப்பதே ஊருக்கும் பெருமை, சிறுவர் உழைப்பிற்கும் மதிப்பு.

இவை ஆகக்கூடியவையா என்னும் ஐயம் எழலாம். கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலையைக் காண்க. ஏறக்குறைய 116 எக்டேர் பரப்புள்ள அச்சோலை, சுற்றியுள்ள பல சிற்றூர்களின் குடிநீருக்கு ஊற்றாக விளங்குகிறது. விறகு வெட்டலாலும் ஆக்கிரமிப்பாலும் நலிந்த அதனை, ஊர்மக்கள் குழு அமைத்து வனத்துறையோடு சேர்ந்து காத்து வந்துள்ளனர். மாணவர்கள் அங்குச் சென்று மரங்களையும் பறவைகளையும் அறிந்து வருகின்றனர். அரசின் ஆணையோடு மக்களின் கண்காணிப்பும் சேர்ந்தால் சோலை பிழைக்கும் என்பதற்கு அது சான்று.

சோலைப் பழத்தைத் தின்னும் காட்டுப்புறாவும் சின்னானும் விதையை வேறிடத்தில் இடுகின்றன. ஒரு திட்டு மரங்கள் வேரூன்றிப் பழுத்துவிட்டால், அதற்குப் பின் நடும் பணியைப் பறவைகளே ஏற்றுக்கொள்ளும். அதுவரை காப்பதுதான் நம் பங்கு. அக்காலம் ஒரு பதவிக் காலத்தினும் நீண்டது. ஆதலின் இன்று பொறுப்பில் உள்ளோர் அனைவரும் நட்ட இடம், மரவகை, கணக்கு ஆகியவற்றை ஊராட்சிப் பதிவேட்டில் எழுதி, அடுத்து வருவோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

சிறுவர்கள் தம் பங்கைக் கேளாமலே தர முன்வந்துள்ளனர். நம் பங்கை வரும் கிராம சபையிலேயே தொடங்குவோமாக!