அன்பளிப்பும் கையூட்டும்: பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்

(பயண ஒழுக்கங்கள் குறித்து நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் சென்னைக்குச் சென்றிருந்தேன். ஓர் உணவகத்தில் உண்டு முடித்ததும், பரிமாறியவருக்குக் கொடுக்கும்படி இளைய மகனிடம் இருபது ரூபாய் தந்தேன். அவனோ அவர் முகத்தையும் பாராமல், நோட்டை மேசைமீது வீசிவிட்டு நடந்தான். கண்டிக்க வாயெடுத்த நான் நாணி நின்றேன். அவன் அதனைக் கற்றது என்னிடமிருந்துதான்.

உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளரை உடன் அமர்த்துங்கள். இயலாவிடில் ஓரிரு கவளமேனும் கொடுங்கள். அடுப்பின் வெப்பத்தைத் தாங்கியவர் அவரே என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியது புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. கொடுப்பது இரக்கத்தினால் அன்று. உழைப்பை மதிப்பதனால் ஆகும்.

எனவே, பயணம் புறப்படுமுன் பிள்ளைகளுக்கு மூன்று செய்திகளைக் கற்பிப்போம்.

முதலாவது, கூலி வேறு, அன்பளிப்பு வேறு. சுமை தூக்குபவருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் பேசிய கூலியை உடனே முழுமையாகக் கொடுக்க வேண்டும். கூலியைக் குறைத்துவிட்டு டிப்ஸ் தருவது கொடையாகாது.

இரண்டாவது, அன்பளிப்பு மனமுவந்து தருவது. எவரும் வற்புறுத்திப் பெறுவதன்று. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கலாகாது என 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வகுத்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதி செய்தது.

மூன்றாவது, மிக முக்கியமானது. அலுவலகத்தில் சான்றிதழுக்காகவும், இரயிலில் முறையற்ற இருக்கைக்காகவும் தருவது அன்பளிப்பன்று, இலஞ்சம். ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், "இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு" என்றபோது, தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் இவருக்கு அது கிடைத்திருக்குமா என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். கையூட்டு வாங்கியவர் ஊர் வாரியத்திற்குத் தகுதியற்றவர் என்று நம் உத்திரமேரூரின் பராந்தக சோழர் காலக் கல்வெட்டே கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அது நம் ஊர்ச் சுவரில் நிற்கிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

அன்று மகனை மீண்டும் உள்ளே அழைத்துச் சென்றேன். நோட்டை எடுத்து, வலக்கையால் நீட்டி, "நன்றி அண்ணே" என்றான். அவர் அவன் தலையைத் தடவிப் பெயரைக் கேட்டார். நானும் அவரிடம் நன்றி கூறினேன். நான் அவ்வாறு கூறியது அதுவே முதல் முறை.

கொடுத்ததைச் சொல்லிக் காட்டாத, கொடுக்கும்போது மனம் புண்படுத்தாத கரங்களை நமக்கும் நம் மக்களுக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.