நோட்டீஸில் கையெழுத்து யாருடையது?

(மும்பைக் கிளையின் உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கூட்டத்தில் பாதிப் பேர் காபிக்கு எழுந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நம் குடும்பங்களில் உத்தியோகத்தை விட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கியவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் சுங்க இலாகாவிலிருந்தோ ஜி.எஸ்.டி. இலாகாவிலிருந்தோ நோட்டீஸ் வரலாம். அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை நான் செய்த ஒரு தவறை வைத்தே சொல்கிறேன்.

வரி ஏய்ப்பு என்று நோட்டீஸ் வந்தால் வக்கீல் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார். கையெழுத்துப் போட்டவர் யார், சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறதா என்று பார்ப்பார். அதிகாரமில்லாதவர் அனுப்பிய நோட்டீஸ் செல்லாது. சுங்கச் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி, குறைவாகக் கட்டிய தீர்வையைக் கேட்பதற்குக் காலக்கெடு உண்டு. சாதாரணமாக 2 வருஷம். வேண்டுமென்றே மறைத்ததாகக் குற்றச்சாட்டு இருந்தால் 5 வருஷம். நோட்டீஸ் ரத்தாகி, கெடுவும் தாண்டிவிட்டால் சரியான அதிகாரி கூடப் புதிதாக நோட்டீஸ் அனுப்ப முடியாது. ஆகவேதான் இந்த ஒரு கேள்வியில் கோடிக்கணக்கான ரூபாய் அடங்கியிருக்கிறது.

இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 2011 பிப்ரவரியில் சையத் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தப் பொறுப்பு தனியாக ஒப்படைக்கப்படாத பிரிவென்டிவ் கமிஷனர் 28ஆவது பிரிவில் நோட்டீஸ் அனுப்ப முடியாது என்றது. அதே வருஷம் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பழைய நோட்டீஸ்களுக்கு உயிர் கொடுக்கப் பார்த்தது. 2016 மே மாதம் டில்லி உயர் நீதிமன்றம் மங்களி இம்பெக்ஸ் வழக்கில் அந்தத் திருத்தம் பழைய நோட்டீஸ்களைக் காப்பாற்றாது என்று சொல்ல, சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது.

பிறகு வந்தது கேனன் வழக்கு. 2012 மார்ச்சில் டிஜிட்டல் கேமராக்கள் இறக்குமதியாகி, சுங்க அதிகாரி பார்த்து விடுவித்துவிட்டார். 2014 செப்டம்பரில் டி.ஆர்.ஐ. என்கிற வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் நோட்டீஸ் அனுப்பியது. சட்டத்தில் ‘தி புராபர் ஆபீஸர்’ என்று இருக்கிறது. அந்த ‘தி’ நம் தமிழில் இல்லாத சொல்! ‘தி’ என்று சொன்னதால் முதலில் சரக்கை மதிப்பிட்ட அந்த அதிகாரியையோ, அவர் இடத்துக்கு வந்தவரையோதான் அது குறிக்கும் என்று 2021 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடெங்கும் டி.ஆர்.ஐ. நோட்டீஸ்கள் ஆட்டம் கண்டன.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு வேண்டிய ஒருவர் இயந்திர உதிரி பாகங்களை நாவா ஷேவா துறைமுகம் வழியாக இறக்குமதி செய்பவர். சரக்கைத் தவறான தலைப்பில் வகைப்படுத்தித் தீர்வையைக் குறைத்தார் என்று 2018இல் அவருக்கு டி.ஆர்.ஐ. நோட்டீஸ் வந்தது. பதிலை நான்தான் எழுதினேன். அதிகார வரம்பு பற்றிப் பன்னிரண்டு பக்கம். சரக்கு என்ன, ஏன் அந்தத் தலைப்பு என்பதற்கு ஒரே ஒரு பாரா. ரிட் மனு போட்டோம். கேனன் தீர்ப்பை வைத்து நோட்டீஸ் ரத்தாயிற்று. இலாகா மேல்முறையீடு செய்தது. 2022 நிதிச் சட்டத்தில் பாராளுமன்றம் மறுபடியும் பழைய நோட்டீஸ்களைச் செல்லுபடியாக்கியது. இரண்டையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் அவர் கிடங்கு மாற்றினார். "மாமா, நோட்டீஸே செல்லாதுன்னு ஆயிடுத்தே. இந்தக் காகிதத்தையெல்லாம் இன்னும் எதுக்குக் கட்டிக் காத்துண்டிருக்கணும்?" என்று கேட்டார். "உங்க சௌகரியம்" என்று சொன்னேன். எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது.

2024 நவம்பர் 7ஆம் தேதி, மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு மறுசீராய்வில் கேனன் தீர்ப்பை மாற்றியது. டி.ஆர்.ஐ. அதிகாரிகளுக்கு இந்தப் பொறுப்பை ஒப்படைத்த 1999ஆம் வருஷச் சுற்றறிக்கையும் 2011ஆம் வருஷ அறிவிக்கையும் முன்பு நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை என்று சுட்டிக்காட்டியது. மங்களி இம்பெக்ஸ் தீர்ப்பும் ரத்தானது; 2022 சட்டமும் செல்லும் என்றாயிற்று. முடங்கிக் கிடந்த நோட்டீஸ்கள் விசாரணைக்குத் திரும்பின. எங்கள் நோட்டீஸும் திரும்பியது. ஆனால் எங்கள் காகிதங்கள் திரும்பவில்லை!

வெளிநாட்டு விற்பனையாளரைக் கெஞ்சிக் கேட்டு, சில பாகங்களுக்கு மட்டும் கேட்டலாக் வாங்கினோம். அவற்றுக்கு வாதாடினோம். மற்றவற்றுக்கு வட்டியோடு கட்டினார். நியாயம் எங்கள் பக்கம் என்றே இன்றும் நம்புகிறேன். காட்டத்தான் ஒன்றும் இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஜி.எஸ்.டி.யிலும் இந்தப் பிரச்சினை உண்டு. மத்திய அதிகாரி, மாநில அதிகாரி இருவரில் ஒருவர் ஒரு விஷயத்தில் நடவடிக்கை தொடங்கினால், அதே விஷயத்தில் மற்றவர் தொடங்கக் கூடாது என்று 6ஆவது பிரிவு சொல்கிறது. இதை வைத்துச் சிலர் சம்மனுக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். சம்மன் அனுப்புவது நடவடிக்கை தொடங்கியதாக ஆகாது, முதலில் போய்ப் பதில் சொல்ல வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் ஆர்மர் செக்யூரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இன்னொரு அலுவலகம் இதையே விசாரிக்கிறது என்றால் அதை எழுத்தில் தெரிவியுங்கள்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். அதிகாரம் பற்றிய ஆட்சேபம் இருந்தால் முதல் பதிலிலேயே எழுதுங்கள். அது உங்கள் உரிமை. அதே பதிலில், சரக்கு என்ன, விலை என்ன, கட்டிய வரி என்ன என்பதையும் முழுக்க எழுதுங்கள். கடைசி மேல்முறையீடு முடியும்வரை ஒரு காகிதத்தையும் வெளியே போடாதீர்கள். தீர்ப்புகள் மாறும், சட்டமும் மாறும். உங்கள் பில் ஆஃப் என்ட்ரியில் எழுதியது மட்டும் மாறாது.

 காபி ஆறியிருக்காது என்று நம்புகிறேன்.