காணாத சபையின் மனமறிதல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவையும் கூத்தையும் சமயப் பேச்சையும் கைத்தொலைபேசி வாயிலாக நேரலையில் விடுவது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே நடக்கும் விழாவை, கொழும்புக் கடையிலே நிற்கும் தம்பியும், வளைகுடா நாட்டிற்கு வீட்டுவேலைக்குச் சென்ற தாயும் உடனுக்குடன் காண்கிறார்கள். இது பெரும் பேறு. ஆயினும் அவர்கள் வெறுமனே காண்கிறார்களா, அல்லது நம்மோடு கலந்துகொள்கிறார்களா? இதுவே இன்று உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி.

வள்ளுவர் அவையறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் கண்முன் இருக்கும் அவையை அறிவது ஒன்று. காணாத அவையை அறிவது வேறொன்று. 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பிலே வானொலி தொடங்கிய நாள் முதல் ஒலிபரப்பாளர்க்கு இருந்த இடர் இதுவே. நேயரின் மனம் தபாலட்டையிலே பல நாள் கழித்து வந்து சேர்ந்தது. இன்றோ சில விநாடிகளில் வந்துவிடுகிறது. திரையின் ஓரத்திலே ஓடும் எழுத்துக்களும் இதயக் குறிகளுமே இன்றைய சபையின் கைதட்டலும் முணுமுணுப்பும். அவற்றைக் கண்டும் காணாததுபோல் இருப்பது, வீட்டுக்கு வந்தவரை வாவென்று சொல்லாதிருப்பதற்கு ஒப்பாகும் அன்றோ?

மறுமொழி கூறுவது எப்படி? மூவரிடம் பாடம் கேட்போம்.

முதலாமவன் தெருக்கூத்தின் கட்டியக்காரன். அவன் கதைக்குள்ளும் நிற்பான், சபைக்குள்ளும் நிற்பான். பார்ப்போர் சோர்ந்தால் ஊர்க்கதை ஒன்றை இழுத்துவந்து சிரிக்கவைத்து, மீண்டும் கதைக்கே அழைத்துச் செல்வான். நம் மலையகக் காமன் கூத்திலும் ஆடுவோர்க்கும் பார்ப்போர்க்கும் நடுவே சுவர் கிடையாது. காமன் எரிந்தபின் ரதி புலம்பும்போது சுற்றி நிற்கும் பெண்களும் கண் கலங்குவார்கள். தொலைவில் இருப்பவரையும் அந்த வட்டத்துக்குள் நிறுத்துவதே நேரலை நடத்துவோரின் கடமை.

இரண்டாமவர் திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள் (1906–1993). அனுமனைச் சொல்லின் செல்வன் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது சிலர் எழுந்து போனார்களாம். சுவாமிகள் கோபிக்கவில்லை. இங்கேயும் சொல்லின் செல்வர்கள் இருக்கிறார்கள், நான் நல்லதைச் சொல்லின் இவர்கள் செல்வர் என்றாராம். தமிழ் மேடைகளில் இன்றும் வழங்கும் கதை இது. சபையின் சலிப்பையே அவர் சுவையாக மாற்றிவிட்டார். நேரலையிலும் பார்ப்போர் தொகை குறைவதை எண் காட்டிவிடும். அதற்காக மனமுடைய வேண்டாம். நம் மலைச்சரிவுகளிலே சிக்னல் அறுந்து போனவர் பலர். அவர்கள் வெறுத்துப் போனவரல்லர். அவர்கள் திரும்பி வரும்போது, இதுவரை நடந்ததை இரண்டு வார்த்தையில் சொல்லி வரவேற்பதே பண்பு.

மூன்றாமவன் மார்க் அந்தோனி. மிஷன் பாடசாலையிலே நான் படித்த ஷேக்ஸ்பியரின் யூலியஸ் சீசர் நாடகத்திலே, சீசரின் உடலருகே பேசும் அவன் நடுவிலே பேச்சை நிறுத்துகிறான். அந்த மௌனத்திலே மக்கள் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் மனம் சாய்ந்த பக்கம் தெரிந்தபின்பே அவன் மேலே செல்கிறான். நேரலைக்கு இந்த மௌனம் மிக அவசியம். நம் சொல் அவர்களைச் சேரச் சில விநாடிகள், சில வேளை அரை நிமிடமும் செல்லும். ஆகவே கேள்வியைக் கேட்டு, சிறு செய்தியொன்றைச் சொல்லி, பின்பு பதில்களை எடுத்து வாசிக்க வேண்டும். ஒருவர் படமெடுக்க, மற்றொருவர் எழுத்துக்களைக் கவனித்தால் இது எளிதே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. அதே அந்தோனி மூட்டிய வெறியிலே, பெயர் ஒற்றுமை காரணமாகச் சின்னா என்னும் அப்பாவிக் கவிஞன் கொல்லப்படுகிறான். சபையின் மனத்தை அறிவது வேறு. அதைக் கிளறிக் கெடுப்பது வேறு. இதயக் குறிகளுக்காகப் பூசையைக் காட்சிப் பொருளாக்குவதும், வம்புச் சொற்களை உரக்க வாசிப்பதும் நமக்கு ஆகாதவை.

தேர் வரும்போது, "மேட்டு லயத்தைக் காட்டுங்கள், என் பிள்ளை நிற்பான்" என்று கடல் கடந்த தாயொருத்தி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். படமெடுப்பவர் அப்பக்கம் திரும்பி, அப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தால், அந்தத் தாய் அக்கணம் நம் தோட்டத்திலே நிற்கிறாள். அழைக்காவிட்டால் அவள் ஒரு படத்தைப் பார்த்தவளாகிறாள். பிழைப்புத் தேடி வெளியேறுவோர் தொடர்பு அறாமல் இருப்பதும் அறுவதும் இத்தகைய சிறு செயல்களிலே அடங்கியுள்ளன.

வாலிப நண்பர்களே! வரும் திருவிழாவிலே இப்பணிக்கென இருவரை நம் சங்கம் நியமிக்கட்டும். காணாத சபையும் நம் சபையே என்பதை அவர்கள் மறவாதிருக்கட்டும்.